கடைசி பெஞ்சு கேட்காத கழுதை

கழுதையைத் தேர்ந்தெடுத்தது ஆவுடையப்பன்தான். யாரும் அவன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

இந்த மாதம் எதை வரையலாம் என்றதற்கு ஆதரவாளர்கள் யானை கேட்டார்கள். பூனை கேட்டார்கள். ஒருவர் மிகுந்த மரியாதையோடு மயில் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஆவுடையப்பன் கேமராவைப் பார்த்து இளித்தபடி, "யானை வரையணும்னா முதுமலைக்குப் போகணும். மயிலுக்கு விராலிமலைக்குப் போகணும். கழுதைன்னா எங்க வீட்டு முகம் பாக்குற கண்ணாடி போதும்" என்றான். திரையில் சிரிப்புக் குறிகள் பொங்கி வழிந்தன. சிரிப்புக் குறியைக் கண்டால் ஆவுடையப்பனுக்கு நிதானம் போய்விடும். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குப் புகையிலை, இவனுக்கு இது.

ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் நடக்கிற கூத்துதான். பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அவன் ஒரு தலைப்பை அறிவிப்பான். 'கைவரி' இணையதளத்தில் மாதச் சந்தா கொடுத்து அவனை ஆதரிப்பவர்கள் அந்தத் தலைப்புக்குள் ஆளுக்கொரு படம் கேட்பார்கள். அவன் நேரலையில் பேசிக்கொண்டே வரைந்து அனுப்புவான். இந்த மாதம் தளத்தில் புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது: 'எதுவரை?' கீழே இரண்டு பொத்தான்கள். 'மாதக் கடைசி வரை.' 'கடைசி ஆள் கேட்கும் வரை.'

"இதென்ன கேள்வி? இந்த ஆவுடை ஒரு ஆளையும் விட்டுட்டுப் போறவன் இல்ல மக்கா!" என்று நெஞ்சில் தட்டி இரண்டாவது பொத்தானை அழுத்தினான். பொத்தானுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் சில வரிகள் இருந்தன. எறும்புகளை யார் நின்று படிக்கிறார்கள்? மணிக்கட்டில் சுருக்கென்று ஏதோ கடித்தது. அதையும் கொசு என்று நினைத்துச் சொறிந்துகொண்டான்.

மறுநாள் காலையில் கடித்தது கொசு இல்லை என்று தெரிந்தது.

அவன் மகள் நாச்சியாருக்கு எட்டு வயது. அவள் வாயால் அதிகம் பேசமாட்டாள். அவளுடைய நாள் படச் சீட்டுகளில் நடக்கும். பல் தேய்க்கும் நாச்சி, குளிக்கும் நாச்சி, இட்லி தின்னும் நாச்சி, வேனில் ஏறும் நாச்சி என்று காலையில் அப்பா வரிசையாக வரைந்து கொடுத்தால், ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்வாள். சீட்டில் இருந்தால் உலகம் ஒழுங்காக இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலம் அத்தனை சீட்டுகளையும் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவாள். முடிந்த நாளை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அதனால் ஆவுடையப்பன் தினமும் புதிதாக வரைய வேண்டும். அவன் கோடுதான் வேண்டும். அச்சடித்த படத்தையும் இயந்திரம் வரைந்த படத்தையும் அவள் சாயங்காலம்வரை காத்திராமல் அங்கேயே கிழித்துவிடுவாள்.

அன்று காலை அவன் நாச்சியின் இரட்டைச் சடையை வரையப் போனான். சடைகள் இரண்டும் மேலே எழும்பின. காதுகளாக நின்றன. முகத்தைச் சரிசெய்யப் பென்சிலை இழுத்தால் மூக்கு நீண்டது. பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பிடித்திருந்தது ஒரு குளம்பு.

"என்னங்க இது?" என்றாள் வடிவு. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன் மனைவி.

"கழுதை."

"அது தெரியுது. நாச்சி எங்க?"

அவன் இன்னொரு சீட்டு எடுத்தான். இன்னொரு கழுதை வந்தது. இது கொஞ்சம் சிரித்தது.

நாச்சி சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிரஷை எடுத்தாள். வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். கழுதைதானே பல் தேய்க்க வேண்டும்? அது வரட்டும் என்று காத்திருந்தாள். பள்ளி வேன் வந்து, ஒலி எழுப்பி, அவள் இல்லாமலே போனது.

*

மந்திரமூர்த்தி அவனோடு பள்ளியில் படித்தவன். இப்போது கைவரி நிறுவனத்தின் திருநெல்வேலிக் கிளையில் ஓவியர்களின் மணிக்கட்டில் மின்னணுச் சில்லு பதிக்கிற வேலை. ஆவுடையப்பனின் வலது மணிக்கட்டில் அரிசி மணியளவு இருக்கிற சில்லும் அவன் பதித்ததுதான். இயந்திரங்கள் நொடிக்கு ஆயிரம் படம் போட்டுத் தள்ளுகிற காலத்தில், 'இது உயிருள்ள கை போட்ட கோடு' என்று ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தச் சில்லு சான்று கொடுக்கும். சான்று இல்லாத படத்தை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

"ஏல, அது வாக்குப் பூட்டுடே" என்றான் மந்திரமூர்த்தி, மணிக்கட்டில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு. "புது வசதி."

"யாருக்கு வசதி?"

"ஆதரவாளருக்கு. பூனை வரையுதேன்னு சொல்லிட்டுப் பாதியில விட்டுட்டு ஓடுதானுவல்லா, உன்ன மாதிரி ஆளுக? தலைப்ப அறிவிச்சா முடிக்கிற வரைக்கும் கை வேற எதையும் வரையாது. மூளையிலிருந்து கைக்கு வர்ற சேதிய நடுவுல நின்னு பாக்கும். தலைப்ப விட்டு வெளிய போச்சுன்னா திருப்பி உள்ள கொண்டாந்துரும்."

"திருப்புவானேன்? நிறுத்திட்டா போதாதா?"

"நிறுத்துனா நரம்பு வலிக்குதுன்னு சோதனையில தெரிஞ்சுது. அதான் நிறுத்தாம அன்பாத் திருப்பி விடுது. நல்ல மனசுல செஞ்சதுடே."

"என் வீட்டுல தோசைக்குக் காது மொளைக்குது மூர்த்தி. மாவ வட்டமா இழுத்தா கழுதைத் தலை வருது. வாசல்ல கூரியர்க்காரன் நீட்டுன கண்ணாடித் திரையில விரலால கையெழுத்துப் போட்டேன், அவன் பாத்துட்டு 'சார், உங்க போட்டோவா?'ங்கான்."

மந்திரமூர்த்தி சிரித்தான். ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்தது. எதிராளி சிரித்துவிட்டால் தன் துயரத்தில் பாதியை மறந்துவிடுவது அவன் பிறவிக் குணம்.

"சரி, கழட்டிரு" என்றான்.

"கழட்டலாம். நரம்போட பின்னிக் கெடக்கு. எடுத்தா கை தேற மாசக்கணக்கு ஆவும். அப்புறம் தேறும். தேறலாம்."

"கணக்க மூடிட்டா?"

"பூட்டு பூட்டுனபடியே நின்னுரும்."

"கேக்காத ஆள நான் நீக்கிட்டா?"

"அது முடியாதுல்லா. விட்டா நீங்க எல்லாவனும் கேக்காதவனத் தூக்கி வெளிய போட்டுட்டுக் கடைய மூடிருவீங்க. அவுகளா கேக்கணும். இல்ல அவுகளா போகணும்."

"ஆக மொத்தம் எப்பத் திறக்கும்?"

"மேலிடத்துல கேட்டுச் சொல்லுதேன்."

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அது பாத்துக்கோ, தெரியும்னும் சொல்லலாம்..." என்று மந்திரமூர்த்தி கருவியைத் துடைக்கத் தொடங்கினான். நேர்ப்பதில் சொன்னால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ அவனை மிரட்டி வைத்திருக்க வேண்டும்.

*

ஆக, வெளியே வர ஒரே வழிதான். எல்லோரையும் கேட்க வைப்பது.

ஆதரவாளர்கள் விசித்திரமான பிறவிகள் என்பது ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. மாதாமாதம் ஆதரவு கொடுப்பார்கள். படம் கேளுங்கள் என்றால் கூச்சப்படுவார்கள். 'எங்களுக்கு என்ன கேட்கணும்னு தெரியல', 'உங்களுக்கு ஏன் சிரமம்', 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்.' கல்யாணப் பந்தியில் இரண்டாவது லட்டுக்கு இலையைக் கைகளால் மூடிக்கொள்கிற ஜனங்கள். உள்ளே ஆசை இருக்கும், கை மட்டும் மூடிக்கொள்ளும்.

தினமும் சாயங்காலம் கேமரா முன்னால் உட்கார்ந்து கூவினான்.

"வாங்க, வாங்க! என்ன கேக்கணும்னு தெரியலையா? உங்க மேனேஜர நெனச்சுக்கிடுங்க. பேரு போட வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன். கழுதைன்னா ஆகாதா? கழுதை இல்லாத இடத்தக் கேளுங்க. 'இப்பத்தான் போச்சு'ன்னு வாலு மட்டும் வரஞ்சு தாரேன். அளவான கழுதை, அழகான கழுதை, எம்.ஏ. படிச்ச கழுதை, எல்லாம் இருப்புல இருக்கு!"

கேட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்த கழுதை. மாமியாரோடு சமாதானமாகப் போன கழுதை. திருவள்ளூரிலிருந்து ஒரு வாத்தியார், தேர்வுத்தாள் திருத்துகிற கழுதை கேட்டார். நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மாணவி, கண்ணாடி போட்ட கழுதை கேட்டு, வந்ததும் அழுததாகச் செய்தி அனுப்பினாள். ஏன் என்று சொல்லவில்லை. ஆவுடையப்பன் கை ஓயாமல் வரைந்தது. வேறு எதற்கும் உதவாத கை, கழுதை என்றதும் குதித்துக் குதித்து ஓடியது. தன்னுடைய கையைத் தானே வெறுப்பது எப்படியிருக்கும் என்று அவன் முன்பு யோசித்ததில்லை. சோறு பிசைகிற கை, மகள் தலையைத் தடவுகிற கை. பென்சிலைத் தொட்டதும் யாரோ வாடகைக்கு எடுத்த கை.

வீட்டில் நாள்கள் நொண்டின. நாச்சிக்காக அவன் அட்டையில் காது வெட்டி ஒட்டிக்கொண்டு, சீட்டில் இருக்கிற கழுதை தான்தான் என்று நடித்துக் காட்டினான். அவள் அதை நம்பினாள். விளைவு, கழுதை பல் தேய்க்கிற சீட்டைக் கொடுத்தால் அப்பா பல் தேய்ப்பதைக் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தாள். கழுதை குளிக்கிற சீட்டுக்கு அப்பா குளித்தார். அந்த வாரம் பாளையங்கோட்டையிலேயே சுத்தமான மனிதன் ஆவுடையப்பன்தான். நாச்சி எதையும் செய்யவில்லை. அவள் நாளில் அவளே இல்லை.

இடது கையால் முயன்றான். அந்தக் கோடு நடுங்கியது. நாச்சி சீட்டைத் திருப்பி வைத்துவிட்டாள்.

பிறகு அவள் கன்னம் வீங்கியது.

கடைவாய்ப் பல் அடியோடு சொத்தை. உள்ளே சீழ் வைத்திருந்தது. மருத்துவர் மருந்து கொடுத்துவிட்டு, மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், வியாழக்கிழமை கூட்டி வாருங்கள் என்றார். பிள்ளை ஒத்துழைப்பாளா என்று கேட்டார். ஆவுடையப்பனும் வடிவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்ற வருடம் காதுவலிக்குச் சீட்டு இல்லாமல் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது, நாச்சியை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நெடுநாள் அவள் யாரையும் தன்னைத் தொடவிடவில்லை. அம்மாவைக்கூட. அப்புறம் முடிவெட்டும் கடைக்கு அவன் வாசலிலிருந்து கண்ணாடிவரை ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்ததும், ராணி மாதிரி போய் உட்கார்ந்தாள். வழி இருக்கிறது. அந்த வழி அவன் கையில் இருந்தது. கை அவனிடம் இல்லை.

மருத்துவமனைக்குப் போகும் கழுதையை வரைந்து பார்த்தான். நாச்சி வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி கவனமாகப் பார்த்தாள். கழுதைக்காக வருத்தப்பட்டாள். தன் போர்வையை எடுத்துவந்து அப்பா தோளில் போர்த்திவிட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். ஒரே ஒரு ஆளைத் தவிர.

கைவரியில் ஆதரவாளர்களின் உண்மைப் பெயர் தெரியாது. அவரவர் வைத்துக்கொண்ட பெயர்தான். இந்த ஆளின் பெயர் 'கடைசி பெஞ்சு'. தொடக்க காலம் முதல் இருக்கிறவர். ஒரு படமும் கேட்டதில்லை, ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. ஆனால் நேரலையில் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிற பச்சைப் புள்ளிகளில் அவருடைய புள்ளி தினமும் முதலில் எரியும், கடைசியில் அணையும்.

கொஞ்ச நாளாகவே ஆவுடையப்பன் அந்தப் புள்ளியோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

"கடைசி பெஞ்சு, இருக்கீங்களா? இருக்கீங்க. பச்ச எரியுது. சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க? நான் காதுள்ள தோசை. உங்களுக்கு எப்பிடிக் கழுதை வேணும்? நின்ன கழுதையா, படுத்த கழுதையா? ஒரு முக்கல் முனகல் போதும், நான் புரிஞ்சுக்கிடுதேன்." மறுநாள்: "கடைசி பெஞ்சு, நேத்து நான் கனவுல உங்களப் பாத்தேன். முதுகத்தான் பாத்தேன். நல்ல முதுகு." அதற்கு மறுநாள் ஒரு பாட்டு கட்டிப் பாடினான். அதற்கு மறுநாள் தரையில் விழுந்து கும்பிட்டான். மற்ற ஆதரவாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் நேரலைக்கு இத்தனை கூட்டம் எப்போதும் வந்ததில்லை. பச்சைப் புள்ளி மட்டும் ஒன்றும் சொல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"எவனோ வன்மம் பிடிச்சவன்" என்றான் கேமராவை அணைத்துவிட்டு. "உக்காந்து வேடிக்க பாக்கான். என் கை அவன் சட்டைப்பையில கெடக்கு, அது அவனுக்குத் தெரியும். நம்மள ஆட விட்டு ரசிக்கான்."

வடிவு நாச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். பிள்ளை வலியில் முனகிக்கொண்டே தூங்கியிருந்தது.

"அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"என்னது?"

"கை அவர் சட்டைப்பையில கெடக்குன்னு. நீங்க சொன்னீங்களா?"

"தெனமும் கேக்கேன்லா!"

"எங்க கேட்டீங்க? கூத்துல்லா கட்டுதீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நாச்சிக்குப் பல்லு வலின்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? இவளுக்குச் சீட்டு வேணும்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் சொல்லி... பிச்சை எடுக்கிற மாதிரி இருக்காதா வடிவு? அவுக சிரிக்க வாராவ."

"சிரிக்கத்தான் செய்யுதாவ. நீங்க சிரிக்கச் சொன்னா சிரிக்காவ, வேற என்னத்தச் செய்வாவ?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்கிட்டயும் அப்பிடித்தான். இவளுக்கு இப்பிடின்னு டாக்டர் மொத மொதல்ல சொன்னப்ப, வெளிய வந்து என்ன செஞ்சீங்க? ஜோக்கு அடிச்சீங்க. நல்ல ஜோக்கு வேற. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சிரிச்சேன். வீட்டுக்கு வந்துதான், அழணும்னு நெனச்சது ஞாவகம் வந்துது."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். அவனுக்கு ஒரு ஜோக் தோன்றியது. நல்ல ஜோக். முழுங்கிக்கொண்டான். 

*

புதன்கிழமை நடுப்பகலில் நேரலையைத் திறந்தான். யாரும் வராத நேரம். வேண்டுமென்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான்; கூட்டம் இருந்தால் நாக்கு தன் வேலையைக் காட்டிவிடும். திரை காலியாக இருந்தது. பிறகு ஒரே ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

இத்தனை வருடமாக ஆயிரக்கணக்கான மணி நேரம் கேமராவைப் பார்த்துப் பேசியிருக்கிறான். இன்று கேமராவின் கோணத்தை மூன்று தடவை சரிசெய்தான்.

"கடைசி பெஞ்சு" என்றான். "நான் ஆவுடையப்பன். இன்னைக்கு வெளையாட்டு இல்ல."

 பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாச்சியைக் காட்டலாமா என்று யோசித்தான். வேண்டாம், அவளைக் காட்டிக் கேட்கக் கூடாது.

"எனக்கு ஒரு பொண்ணு. நான் படம் வரஞ்சு காட்டுனாத்தான் அவளுக்கு எதுவும் விளங்கும். நாளைக்கு அவளுக்குப் பல்லு எடுக்கணும். என்ன நடக்கப் போவுதுன்னு அவளுக்கு வரஞ்சு காட்டணும். எங்கையால கழுதையத் தவிர ஒண்ணும் வர மாட்டேங்கு. நீங்க ஒருத்தர் கேட்டாப் பூட்டு திறந்துரும். உங்களுக்குக் கேக்கப் பிடிக்கலன்னா வெலகிக்கிட்டாலும் சரி, நான் தப்பா நெனக்க மாட்டேன். எனக்கு... பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அவன் நிறுத்தினான். பச்சைப் புள்ளி அணைந்தது.

அணைந்தே இருந்தது. தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் வந்து, நீண்டு, தேய்ந்தது. ஆவுடையப்பன் கேமராவை அணைக்கக் கையை நீட்டினான். அந்த நொடியில் புள்ளி மறுபடி எரிந்து, திரையில் எழுத்துகள் தோன்றின.

'காற்றாலை உச்சியில் உட்கார்ந்திருக்கும் கழுதை. அழகாக இருக்க வேண்டியதில்லை. சீக்கிரம் வரையுங்கள்.'

வாழ்க்கையில் அவன் வரைந்த மிக மோசமான கழுதை அது. ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது, வால் எங்கிருந்து கிளம்புகிறது என்று கழுதைக்கே தெரியாது. கடைசிக் கோட்டை இழுத்து அனுப்பியதும் மணிக்கட்டில் இளஞ்சூடு பரவியது, இறுகக் கட்டியிருந்த வாட்சைக் கழற்றியதுபோல. புதுச் சீட்டை எடுத்தான். பென்சிலை வைக்கப் பயந்து கொஞ்சம் காத்திருந்தான். பிறகு ஒரு சடை வரைந்தான். சடை கீழே தொங்கியது.

வடிவு வேலையிலிருந்து வந்தபோது அவன் தரையெல்லாம் சீட்டைப் பரப்பி வைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நாச்சி. பச்சை உடுப்புப் போட்ட அக்காவும் நாச்சியும். மூக்கில் மயக்க மருந்துக் கிண்ணம் வைத்த நாச்சி. தூங்கும் நாச்சி, பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். முழித்த நாச்சி. ஐஸ்கிரீம் தின்னும் நாச்சி. வீடு.

நாச்சி முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிச் சீட்டுவரை போய்விட்டு, முதல் சீட்டுக்குத் திரும்பிவந்து, இரட்டைச் சடைப் பெண்மேல் விரலை வைத்தாள். அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

மறுநாள் அவள் சீட்டுக் கட்டைக் கையில் பிடித்தபடி, மருத்துவமனை வாசல்படி ஏறினாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. மூக்கில் கிண்ணம் வைக்க வந்த நர்சிடம் அந்தச் சீட்டை எடுத்து நீட்டி, சரியாக இருக்கிறதா என்று அவரைத்தான் சோதித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஐஸ்கிரீம் தின்று முடித்து, எல்லாச் சீட்டையும் கிழித்துக் கூடையில் போட்டாள். அந்த நாள் முடிந்தது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கமான நேரத்துக்கு, ஆவுடையப்பன் கேமராவைத் திறந்தான். தலைப்பு எதுவும் இல்லை. கேட்க ஒன்றும் இல்லை. அறிவிப்பும் கொடுக்கவில்லை, ஆகவே கூட்டமும் இல்லை. வடிவு நாச்சியின் தலையை வாரிக்கொண்டே அறைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி பெஞ்சு, இருக்கீங்களா?" என்றான்.

திரை காலியாகத்தான் இருந்தது. வெகுநேரம் கழித்துப் பச்சைப் புள்ளி தயங்கித் தயங்கி எரிந்தது. அதன்மேல் பேசும் குறி தோன்றியது. முதலில் காற்றின் இரைச்சல் வந்தது, பிறகு ஒரு பெண் குரல்.

"பிள்ளைக்கு எப்பிடி இருக்குண்ணே?"

"நல்லாருக்கா. நேத்து ஐஸ்கிரீம் தின்னா, இன்னைக்கும் கேக்கா." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீங்க யாரும்மா?"

"எம்பேரு அமலி. தூத்துக்குடிக்குக் கெழக்க கடலுக்குள்ள காத்தாலை போட்டுருக்காவள்ளா, அதுல மேடையில இருக்கேன். எல்லாம் மிஷினே பாத்துக்கிடும். ஆனா ஒரு மனுச ஆளு இருக்கணும்னு சட்டம். அந்த ஆளு நான். மாசக்கணக்குல ஒத்தையில இருக்கணும். வேலன்னு ஒண்ணும் கெடையாதுண்ணே. சும்மா இருக்கணும், அதான் வேல."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்தான் போல. மிஷினுக்குப் பக்கத்துல உயிரோட இருக்கணும்."

அமலி சிரித்தாள். காற்றும் சேர்ந்து சிரித்தது.

"அனுப்புன கழுதை கெடச்சுதா? படம் எப்பிடி?" என்று கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நெசத்தச் சொல்லவா? எனக்குப் படம்னா அவ்வளவு பிடிக்காதுண்ணே. நீங்க வரையும்போது பேசுவீங்கள்ளா, அதுக்குத்தான் வாரேன்."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடமாகத் தன்னை ஓவியன் என்று நம்பியிருந்த ஆவுடையப்பன் அதைத் தாங்கிக்கொண்டான். தாங்கிக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டான்.

"அமலி, ஒண்ணு கேக்கேன். அத்தன நாளா ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"சிக்னல் சரியில்லண்ணே."

"தெனமும் பச்ச எரிஞ்சுதே."

"ஆமா... அது..."

அவன் உதவிக்கு ஒரு ஜோக்கை நீட்டவில்லை. காத்திருந்தான். காற்றாலையின் இறக்கை ஒருமுறை சுற்றி வந்தது கேட்டது. இன்னொருமுறை.

"பிள்ளைக்கு வலின்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே கேட்டுருப்பேன்ண்ணே, சத்தியமா. நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க, நானும் வெளையாட்டுன்னு நெனச்சுட்டேன். தெனமும் சாயங்காலம், கடைசி பெஞ்சு இருக்கீங்களா, சாப்பிட்டீங்களான்னு ஒருத்தர் என்னைக் கேட்டாரு. கரையில இருக்கும்போதுகூட என்னை அப்பிடி யாரும் கேட்டதில்ல. நான் கழுதையக் கேட்டுட்டா, நீங்க என்னைக் கேக்கிறத நிறுத்திருவீங்கள்ளா? அதான் கேக்கல."